தினைக்குருவி எங்கே போச்சு: நெல்லா காரணம், புல்லா?

கேள்வி, 9 ஜூன் 2024

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லையை ஒட்டின ஊர் எங்களது. சின்ன வயசில் அறுப்புக் காலத்தில் வயலில் கால் வைத்தால் தினைக்குருவி கூட்டமாக எழும்பும். இப்போது வயல் எல்லாம் தென்னந்தோப்பு, குருவியும் இல்லை. நெல் போனதால்தான் இதுவும் போனது என்கிறேன், வீட்டில் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

9 ஜூன் 2024, இரவு

நான் உங்கள் வீட்டாரின் பக்கம். நெல்லைவிடப் புல்தான் காரணம் என்று நினைக்கிறேன். காற்றுக்குக் கரண்ட் போய்விட்டது, போனில் சார்ஜும் இல்லை, நாளைக்கு எழுதுகிறேன். அதற்குள் நீங்கள் பார்த்தது எந்தத் தினைக்குருவி என்று யோசித்து வையுங்கள். நம் பக்கம் அந்தப் பேரில் நாலு குருவி திரிகிறது.

10 ஜூன் 2024

நாலையும் சொல்லிவிடுகிறேன். புத்தகத்தில் எல்லாமே சில்லை. புள்ளிச் சில்லைக்கு முகமும் தொண்டையும் செம்பழுப்பு, வயிற்றில் செதில் செதிலாகக் கோடு. வெண்முதுகுச் சில்லை கறுப்பாகவே தெரியும், வயிறும் பின்முதுகும் மட்டும் வெள்ளை, வால் கூர். கருந்தலைச் சில்லை ஈரமான வயலையும் நாணல் புதரையும் விட்டு வராது, கருப்புத் தலை, செங்கல் நிற முதுகு, வெள்ளை வயிற்றின் நடுவில் கறுப்பு. நாலாவது வெண்தொண்டைச் சில்லை, மணல் நிறம், வெளுத்த வயிறு, கறுத்த கூர்வால், வெள்ளிச் சாம்பல் அலகு. இதுதான் வறண்ட நிலத்துக் குருவி. கேரளத்தில் இதைப் பார்க்க மழை கொட்டுகிற மேற்குப் பக்கம் அலைய வேண்டாம், மழை மறைவில் கிடக்கிற நம் எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் வந்தால் போதும். வேலந்தாவளத்தில் இறங்கி கிளுவை வேலியோரம் நடந்தாலே கிடைக்கும், கிடைத்துக்கொண்டிருந்தது.

எல்லாமே கட்டைவிரல் அளவுக் குருவிகள், 11 சென்டிமீட்டர் அப்படி இப்படி. புள்ளிச் சில்லை 12 முதல் 16 கிராம்தான். நெல்மணியை உடைக்க இந்த அலகுக்கு முடியும், ஆனால் அதற்கு வாகானது புல் விதை. மயில்கொண்டைப் புல், காக்காக்கால் புல், கொழுக்கட்டைப் புல், வயலுக்குள் முளைக்கிற நெல்சக்களத்தி. வருஷத்தில் நெல் பால் பிடித்து முற்றி நிற்பது சில வாரம். மீதி மாதமெல்லாம் இது என்ன தின்று உயிரோடு இருந்தது என்று யோசித்தால் பாதி பதில் வந்துவிடும்.

இன்னொன்று. கேரளத்தில் நெல் பரப்பு 1970களின் நடுவில் சுமார் 8.8 லட்சம் ஹெக்டேர். இப்போது 2 லட்சத்தை ஒட்டி நிற்கிறது. குருவி நெல்லை மட்டுமே நம்பியிருந்தால் மாநிலம் முழுக்கவே அரிதாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. வெண்முதுகுச் சில்லை வீட்டு மதிலோரக் குரோட்டன் செடியில்கூடக் கூடு கட்டிக்கொண்டு நன்றாகத்தான் இருக்கிறது.

10 ஜூன் 2024, சாயங்காலம்

சிவப்புச் சில்லையை ஏன் விட்டீர்கள் என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அதுவும் உண்டு, ஈரமான உயரப் புல்லில், மழைக்காலத்தில் ஆண் இரத்தச் சிவப்பாக மாறி உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு நிற்கும். நம் கறுப்பு மண் காட்டில் நான் பார்த்ததில்லை, அதனால் விட்டேன். மலையில் கருந்தொண்டைச் சில்லையும் இருக்கிறது, மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிக்கும் தோட்டங்களுக்கும் போனால் பார்க்கலாம். கேள்வி சமவெளி பற்றியது.

14 ஜூன் 2024

கேட்டவர் பதில் போட்டிருக்கிறார். செதில் வயிறும் பார்த்திருக்கிறாராம், வெளுத்ததும் பார்த்திருக்கிறாராம். அப்படியானால் புள்ளிச் சில்லையும் வெண்தொண்டையும். வயலுக்குள் முதலாவது, மேட்டுக்காட்டு வேலியில் இரண்டாவது. இரண்டும் ஒரே ஊரில், ஒரே வாய்க்காலின் இரண்டு பக்கத்தில் இருந்ததற்கு நம் கிழக்குச் சித்தூர் இருக்கிற இடம்தான் காரணம். பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது, அந்தப் பக்கத்து ஈரமும் இந்தப் பக்கத்து வறட்சியும் நம் காட்டில்தான் சந்திக்கிறது.

2 ஜூலை 2024

கூடு பற்றிக் கேட்டவருக்கு.

மழை தொடங்கினதும் புள்ளிச் சில்லை கட்ட ஆரம்பித்துவிடும். புல் இலையை நீள நீளமாகக் கிழித்து எடுத்துக்கொண்டு பறக்கும், குருவியைவிட நாலு மடங்கு நீளமான இலை பின்னால் இழுபடும். ஒழுங்கில்லாத உருண்டையாகக் கட்டும், பக்கத்தில் ஒரு வாசல். தூக்கணாங்குருவியின் வேலைப்பாட்டைப் பார்த்த கண்ணுக்கு இது குப்பை மாதிரி இருக்கும். எங்கள் அம்மா குப்பை என்று நினைத்தே ஒரு தடவை குச்சியை எடுத்துவிட்டார், உள்ளே முட்டை இருந்ததைப் பார்த்ததும் குச்சியைக் கீழே போட்டார். வெள்ளை முட்டை, நாலிலிருந்து ஆறு வரை. கட்டுவதும் அடைகாப்பதும் ஆணும் பெண்ணும் சேர்ந்துதான்.

வெண்தொண்டைச் சில்லைக்குப் பல சமயம் இந்த உழைப்பும் கிடையாது. பனையில் தூக்கணாங்குருவி விட்டுப்போன பழைய கூட்டில் புகுந்துகொள்ளும், முட்டை வைக்காத நாளிலும் கூட்டமாக உள்ளே போய்த் தூங்கும். அதனால் பனை வெட்டினால் இதற்கும் அடி. நம் பக்கம் செங்கல் சூளைக்குப் பனை போன கதை எல்லோருக்கும் தெரியும்.

கவனியுங்கள், புள்ளிச் சில்லைக்குப் புல் சாப்பாடு மட்டும் இல்லை, கட்டுமானப் பொருளும் அதுதான். புல்வெட்டி எந்திரம் வைத்து மட்டமாக வெட்டின தோப்பில் கிழிக்க நீள இலை எங்கே?

5 ஜூலை 2024

"மாட்டுக்குப் போடும் கம்பு நேப்பியர் நீளமாகத்தானே இருக்கிறது?" நல்ல கேள்வி. இலை கிடைக்கும், கூட்டுக்கு எடுக்கவும் செய்கிறது. விதை கிடைக்காது, பூக்க விடாமல் அறுத்துவிடுகிறோமே.

28 ஆகஸ்ட் 2024

முதல் போகம் பால் பிடித்த வயலில் சில்லை இறங்கி நாசம் செய்கிறது, இதைக் காப்பாற்ற வேறு வேண்டுமா என்று பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார்.

தின்னும், இல்லை என்று சொல்லவே மாட்டேன். பால் பிடித்த கதிரைக் கவ்விப் பிதுக்கும், அது பதராகிவிடும். ஹவாய்த் தீவுக்கு 1860களில் கொண்டுபோய் விட்ட புள்ளிச் சில்லை அங்கே சோளக்காட்டில் தொந்தரவாகவே ஆகிவிட்டது. ஆனால் நம் ஊரில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வயலில் மயில் இறங்குகிறது, காட்டுப்பன்றி இறங்குகிறது, பச்சைக்கிளி கதிரையே ஒடித்துக்கொண்டு போகிறது. சில்லை ஓரத்து நாலு வரிசைக்குள்தான் நிற்கும், பயந்த குருவி, புதருக்குப் பக்கத்திலேயே இருக்கப் பார்க்கும். பதினைந்து கிராம் உடம்புக்குள் எவ்வளவு போகும்? மயிலிடம் சண்டை போட முடியாமல் சில்லையிடம் வீரம் காட்டுகிறோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பளபளப்பு ரிப்பன் கட்டினால் சில நாள் பயப்படும், அப்புறம் பழகிவிடும். பால் பிடிக்கும் வாரங்களில் காலையிலும் சாயங்காலத்திலும் ஆள் நடந்தால் போதும், ரிப்பனைவிட அது மேல். நைலான் வலை மட்டும் வேண்டாம். கால் சிக்கினதை யாரும் எடுத்துவிடுவதில்லை, வெயிலில் தொங்கிச் சாகும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில்லை அத்தனையும் அடக்கம், பிடித்தாலும் விற்றாலும் குற்றம்.

29 ஆகஸ்ட் 2024

கோபக்கார நண்பர் சமாதானமாகிவிட்டார், மயில் விஷயத்தில் மட்டும். அவர் வயல் சூலனூர் பக்கமாம், மயிலுக்கென்றே சரணாலயம் வைத்த ஊருக்குப் பக்கத்தில் நெல் போட்டால் என்ன ஆகும் என்று அவரே கேட்டுச் சிரிக்கிறார். மயில் பேச்சு இங்கே வேண்டாம், ஆரம்பித்தால் சில்லை காணாமல் போய்விடும்.

21 செப்டம்பர் 2024

"எங்கள் தோட்டத்தில் புதுசாக ஒரு குருவி, உடம்பு முழுக்க வெறும் பழுப்பு, கோடும் இல்லை புள்ளியும் இல்லை" என்று வந்த படத்தைப் பார்த்தேன். புதுக் குருவி இல்லை, புள்ளிச் சில்லையின் குஞ்சு, கூட்டை விட்டு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். செதில் பின்னால்தான் வரும். கருந்தலையின் குஞ்சும் இப்படித்தான் மொழுக்கென்று இருக்கும், அதனால் குஞ்சை மட்டும் பார்த்துப் பேர் சொல்லாதீர்கள், கூட வருகிற பெரியதைப் பாருங்கள்.

நல்ல செய்தி என்னவென்றால் படம் எடுத்த இடம் தென்னந்தோப்பு.

22 செப்டம்பர் 2024

அந்தப் படத்தைப் பற்றி இன்னும் கொஞ்சம். தென்னை வந்தாலே சில்லை போய்விடும் என்று இல்லை என்பதற்கு அது ஒரு சாட்சி. அந்தத் தோப்பின் அடியில் கினியாப் புல் இடுப்பளவு நிற்கிறது, படத்திலேயே தெரிகிறது. உழவு ஓட்டாத தோப்பு. பக்கத்துத் தோப்பில் மாதம் ஒரு தடவை ரோட்டாவேட்டர் ஓட்டி, சொட்டுநீர் குழாயைச் சுற்றிக் களைமருந்து அடித்து, மண்ணை மொட்டையாக வைத்திருப்பார்கள். மேலே இருந்து சாட்டிலைட்டில் பார்த்தால் இரண்டும் ஒரே பச்சை. அதனால்தான் வயல் போச்சு, தோப்பு வந்துச்சு என்ற வரைபடத்தை வைத்துக்கொண்டு இந்தக் குருவியின் கதையைச் சொல்ல முடியாது என்கிறேன்.

கினியாப் புல் ஆப்பிரிக்கச் சரக்கு, அதைப் போய்ப் புகழலாமா என்று யாரோ கேட்கப்போகிறீர்கள். புகழவில்லை. கொழுக்கட்டைப் புல் நின்ற மேய்ச்சல் காடு இருந்தால் அதைத்தான் கேட்பேன். நம் ரோட்டோரத்தில் இப்போது போட்டி கினியாப் புல்லுக்கும் பார்த்தீனியத்துக்கும்தான், பார்த்தீனியத்தில் சில்லை உட்கார்ந்து தின்று நான் கண்டதில்லை.

23 செப்டம்பர் 2024

களைமருந்து பேச்சை எடுத்தது தப்பாகிவிட்டது, பெட்டி நிறைந்துவிட்டது. சுருக்கமாகச் சொல்கிறேன். கேரளத்தில் 2019 பிப்ரவரியில் கிளைபோசேட் என்ற களைமருந்தைத் தடை செய்தார்கள். 2022 அக்டோபரில் மத்திய அரசு, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்கிறவர்கள் மூலமாகத்தான் அதை அடிக்க வேண்டும் என்று கட்டுப்பாடு போட்டது. எல்லை ஊரில் தடை என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும், ஓடையைத் தாண்டினால் வேறு மாநிலம், பைக்கில் முன்னால் வைத்துக் கொண்டுவந்துவிடலாம். இல்லையென்றால் வேறு மருந்து, வேறு டப்பா. அந்த மருந்து குருவியைக் கொல்கிறதா என்பது எனக்கு இரண்டாவது கேள்வி. புல் விதை வைப்பதற்கு முன்னால் கருகிவிடுகிறது, அதுவே போதும், விஷம் வேண்டியதில்லை.

ஆள் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொல்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. எங்கள் தோப்பிலும் பாத்தியைச் சுற்றி ஆள் வைத்துத்தான் செதுக்குகிறோம், அந்தச் செலவைப் பார்த்து அண்ணன் வருஷா வருஷம் முணுமுணுக்கிறார். வேலியோரம் மட்டும் விட்டுவிடச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறேன்.

17 அக்டோபர் 2024

இன்று விஷயம் விட்டு விலகல். கடையில் கூண்டில் விற்கிற வெள்ளையும் பழுப்புமான பெங்காலி பிஞ்ச் வாங்கலாமா, அதுவும் சில்லைதானா, சட்டம் தடுக்குமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார்.

அது வெண்முதுகுச் சில்லையின் வம்சம். ஜப்பானில் சுமார் 250 வருஷமாக வளர்த்து வளர்த்து வந்த வீட்டுக் குருவி, காட்டில் இப்படி ஒன்று கிடையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. காட்டுச் சில்லையின் பாட்டு சின்னது, ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடும். கூண்டில் பல தலைமுறை வளர்ந்த இதன் பாட்டு சிக்கலாகிவிட்டது, வரியை மாற்றி மாற்றிக் கோக்கும். கசுவோ ஒகனோயா என்ற ஜப்பானிய ஆய்வாளர் இதற்கென்றே பல வருஷம் செலவழித்திருக்கிறார். எதிரி பயமும் இரை கவலையும் இல்லாததால் பாட்டுக்கு இடம் கிடைத்தது என்பது ஒரு விளக்கம். சோற்றுக்குக் கவலை இல்லாதவன் கச்சேரி பண்ணுகிறான், நம் ஊரிலும் அப்படித்தானே.

அதை வாங்கலாம். ஆனால் பச்சை, ரோஸ், மஞ்சள் என்று சாயம் பூசின குருவியை எவனாவது அட்டைப் பெட்டியில் வைத்து விற்றால் வாங்காதீர்கள். அது வலையில் பிடித்த நம் சில்லை. ஒரு இறகு மாற்றத்தில் சாயம் போய்விடும், குருவி அதுவரை இருந்தால்.

18 அக்டோபர் 2024

சாயக்குருவியைத் திறந்து விடலாமா? நீங்களாக விடாதீர்கள், வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

6 நவம்பர் 2024

முதலில் கேள்வி கேட்டவர் என்னை மடக்கியிருக்கிறார். அப்படியே போடுகிறேன்: "புல்தான் என்கிறீர்கள். எங்கள் ஊரில் புல் எங்கே இருந்தது? நெல் வயல் வரப்பில்தானே. நெல்லை எடுத்ததால்தானே வரப்பும் போனது?"

இதற்கு என்னிடம் சுளுவான பதில் இல்லை. அவர் சொல்வது நம் கிழக்குப் பக்கத்துக்கு ரொம்பச் சரி. நெல் இருந்தவரை வயலுக்கு வயல் வரப்பு, வரப்புக்கு வரப்பு புல், அதை மாட்டுக்கு அறுத்தாலும் ஒரே நாளில் எல்லாரும் அறுப்பதில்லை, எங்காவது விதை நின்றுகொண்டே இருக்கும். அறுப்பு முடிந்த தாளடியில் நெல்சக்களத்தியும் கோரையும் கிடக்கும். வாய்க்கால் கரை, களத்துமேடு, வைக்கோல் போர். போதாததற்கு வாய்க்காலில் பாசி. பாசி எதற்கு என்று சிரிக்காதீர்கள், மலேசியாவில் வெண்முதுகுச் சில்லை நெல்லோடு பச்சை நூல் பாசியையும் தின்பதாக எழுதி வைத்திருக்கிறார்கள், முட்டை வைக்கும் காலத்துக்கு அதில் புரதம் உண்டு.

அதனால் என் வாதத்தைக் கொஞ்சம் நகர்த்தி வைக்கிறேன். நெல்மணி போனது பெரிய இழப்பில்லை, நெல்லைச் சுற்றியிருந்த ஒழுங்கற்ற ஓரங்கள் போனதுதான் இழப்பு. ஆனால் நெல் இன்றும் இருக்கிற இடத்திலேயே அந்த ஓரங்கள் போய்க்கொண்டிருக்கின்றன, வரப்புக்கும் சிமென்ட், வாய்க்காலுக்கும் சிமென்ட், மீதிக்கு மருந்து. அங்கே நெல் விளையும், புள்ளிச் சில்லை குறையும். 2008இல் வந்த நெல்வயல், நீர்நிலப் பாதுகாப்புச் சட்டம் வயலை நிரப்பாமல் தடுக்கும், வரப்பில் புல் இருக்க வேண்டும் என்று அது சொல்லாது. இதற்கு மேல் அவரும் நானும் ஒரே பக்கம்தான், அவருடைய வீட்டார்தான் இப்போது தனி.

வெண்தொண்டை விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அது என்றைக்குமே நெல்லை நம்பி இருந்ததில்லை. கடலைக்காடும் கம்பங்காடும் கிளுவை வேலியும் கம்பிவேலி போட்ட தோப்பாக மாறின கதை அது, தனியாக எழுத வேண்டும்.

16 ஜனவரி 2025

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்குப் போய் வந்தேன். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. எல்லைக்காரர்களுக்கு ஒரு வசதி, ஓணத்துக்கு அந்தப் பக்கம் எண்ணுவார்கள், பொங்கலுக்கு இந்தப் பக்கம், நாம் இரண்டு சாப்பாடும் சாப்பிடலாம். கேரளத்தில் 2015 முதல் 2020 வரை மாநிலத்தையே கட்டம் கட்டமாகப் பிரித்து ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து மழைக்கு ஒரு சுற்றும் வெயிலுக்கு ஒரு சுற்றும் எண்ணியிருக்கிறார்கள். அடுத்த தடவை அப்படி ஒன்று நடந்தால் நம் ஊர்க் கட்டத்துக்கு நம் ஆளே போக வேண்டும்.

புள்ளிச் சில்லை ஒரு கூட்டம் நடுப்புணி ரோட்டோரக் கினியாப் புல்லில். தண்டு வளைந்து தரை தொடும், தொங்கிக்கொண்டே உருவும். கூட்டத்தில் சிலது தேடும், சிலது தேடாது, எது கண்டுபிடித்ததோ அதன் பக்கத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இது என் கற்பனை இல்லை, இந்தக் குருவியை வைத்தே தேடுகிறவர், ஒட்டுகிறவர் என்று ஆராய்ந்திருக்கிறார்கள். கணக்கெடுப்புக்கு வந்த கூட்டத்திலும் பைனாகுலர் இல்லாமல் வந்து எண்ணிக்கை கேட்டு எழுதிக்கொண்டவர்கள் உண்டு, பேர் சொல்லவில்லை.

3 பிப்ரவரி 2025

கேட்டவரிடமிருந்து தகவல்: மூலத்தறைத் தடுப்பணையிலிருந்து தண்ணீர் வருகிற வாய்க்கால் கரையில், அவர் தோப்புக்குப் பின்புறம், புள்ளிச் சில்லை ஒரு சிறு கூட்டம். வெண்தொண்டை இல்லை. அடுத்த வாரம் வாய்க்கால் சுத்தம் செய்ய ஆள் வருகிறார்கள், புல் மொத்தமும் போய்விடும், என்ன செய்வது என்கிறார்.

வேலைக்கு வருகிற அக்காமாரிடம் பேசுங்கள். குருவிக்காக விடச் சொன்னால் சிரிப்பார்கள், அவர்களுக்குப் பாம்பு பயம், அது நியாயமான பயம். அதனால் நடக்கிற பக்கத்துக் கரையை மொத்தமாக வெட்டச் சொல்லுங்கள். ஆள் நடக்காத எதிர்க்கரையில் தண்ணீர் ஓட்டத்துக்கு மறிக்கிறதை மட்டும் எடுத்துவிட்டு மேலே நிற்பதை விதை உதிரும் வரை விடச் சொல்லுங்கள். வெட்டின புல்லை அங்கேயே எரிக்க வேண்டாம், மாட்டுக்குப் போகட்டும்.

9 பிப்ரவரி 2025

ஒத்துக்கொண்டார்களாம், எதிர்க்கரை வேலை மிச்சம் என்று சந்தோஷமாகவே. இனி அந்தக் கரையில் ஆடு விடுகிற உங்கள் பெரியப்பாவிடம் பேச வேண்டும். அதற்கு என்னிடம் யோசனை கேட்காதீர்கள், அவரை எனக்கும் தெரியும்.